மின்காந்தம் சூடானதும் புடி தளருதா? அறிகுறிய வச்சு கோளாறு எங்கன்னு பிடிக்கிற வழி

மின்காந்தம் கொஞ்ச நேரம் ஓடுனதும் பலம் குறையுதுன்னா நிறைய பேர் உடனே சொல்றது "இரும்பு சூடாயிடுச்சு, அதான் காந்தம் போயிடுச்சு"ன்னு. தொட்டா கை சுடுது, பலமும் குறைஞ்சிருக்கு, ரெண்டையும் முடிச்சு போட்டுடறாங்க. ஆனா இரும்பு தன்னோட காந்தத்தன்மைய முழுசா விடணும்னா ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸ் வரணும், அதுக்குப் பேரு கியூரி வெப்பநிலை. உங்க காயில் (இரும்பு மேல சுத்தின செம்பு கம்பி) அதுல பாதி சூட்டுக்கு வர்றதுக்குள்ளயே எனாமல் (கம்பி மேல பூசின காப்பு) கருகி நாத்தம் வந்துடும். 20 டிகிரில இருந்து 100 டிகிரிக்குப் போனா இரும்போட சாச்சுரேஷன் (அது தாங்கக்கூடிய உச்ச காந்த அளவு) ஒரு சதவீதம் போலத்தான் குறையும், அதே சூட்டுல செம்பு கம்பியோட ரெசிஸ்டன்ஸ் 31 சதவீதம் ஏறிடும். அதனால தயவு செஞ்சு கோரை (காயிலுக்கு நடுவுல இருக்கிற இரும்ப) சந்தேகப்படறதுக்கு முன்னாடி கம்பிய சந்தேகப்படுங்க. கோரை மாத்திட்டு, திரும்ப சுத்திட்டு, அப்பவும் அதே கோளாறு வந்து நிக்கிறவங்கள பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு, ரெண்டு அளவு எடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

ஒரு மல்டிமீட்டர் போதும், டிசி (ஒரே திசைல ஓடுற) கரண்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர் இருந்தா இன்னும் வசதி. காயில் நல்லா ஆறி, ரூம் சூட்டுக்கே வந்த பிறகு அதோட ரெசிஸ்டன்ஸ அளந்து, அன்னிக்கு ரூம் டெம்பரேச்சர் என்னன்னும் சேர்த்து எழுதி வைங்க. இந்த ஒரு எண் கையில இல்லாம கீழ சொல்ற எதையும் உருப்படியா செய்ய முடியாது.

அடுத்து உங்க சப்ளை எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கணும். வோல்டேஜ மாறாம வச்சிருக்கிற சப்ளையா (பேட்டரி, அடாப்டர், சாதாரண எஸ்எம்பிஎஸ் எல்லாம் இந்த வகை), இல்ல கரண்ட மாறாம வச்சிருக்கிற சப்ளையா, இல்ல ஏசியா (திசை மாறி மாறி ஓடுற கரண்ட்). மூணுலயும் சூடு வேற வேற மாதிரி வேலை காட்டும், அதனாலதான் ஒருத்தர் சொன்ன தீர்வு இன்னொருத்தருக்கு ஒத்து வராம போகுது.

அறிகுறி: ஆன் பண்ணும்போது நல்லா பிடிக்குது, அரை மணி நேரத்துல புடி தளருது

இதுதான் அதிகமா வர்றது, டிசி, வோல்டேஜ் மாறாத சப்ளை. நடக்குறது என்னன்னா, செம்போட ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும் (20 டிகிரி அளவை வச்சு பாத்தா டிகிரிக்கு 0.393 சதவீதம்), வோல்டேஜ் அதே இருக்கிறதால கரண்ட் குறையும், கரண்ட் குறைஞ்சா ஆம்பியர்-சுத்து (கரண்டையும் சுத்து எண்ணிக்கையையும் பெருக்கினது) குறையும், காந்தப்புலம் குறையும். இதுல பலரும் கவனிக்காம விடறது என்னன்னா, இழுக்குற விசை காந்தப்புலத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போறது, அதாவது கரண்ட் கொஞ்சம் குறைஞ்சாலே விசை அதைவிட நிறைய குறையும்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். 12 வோல்ட் சப்ளை, 25 டிகிரில காயில் 10 ஓம். அப்போ 1.2 ஆம்பியர் போகும். சூடானதும் அளந்தா 12.7 ஓம் காட்டுது, கரண்ட் 0.94 ஆம்பியர் கிட்ட வந்துடும், அதாவது பழைய கரண்ட்ல 79 சதவீதம், விசை மட்டும் 62 சதவீதத்துக்கு வந்துடும். மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு, இரும்புக்கு ஒண்ணுமே ஆகல.

இந்த 12.7 ஓம்ங்கிற எண்ணை வச்சே காயில் உள்ள எவ்ளோ சூடுன்னும் கண்டுபிடிச்சிடலாம், தெர்மாமீட்டரே வேண்டாம். சூடா இருக்கும்போது வர்ற ரெசிஸ்டன்ஸ குளிர்ந்த ரெசிஸ்டன்ஸால வகுங்க, 1.27 வரும். அதை 234.5 (செம்புக்கான நிலையான எண்) கூட ரூம் டெம்பரேச்சர் கூட்டுன எண்ணால (இங்க 259.5) பெருக்குங்க, வர்றதுல இருந்து 234.5-ஐ கழிச்சுடுங்க, 95 டிகிரி. செம்பு கம்பிக்கு இது ரொம்ப நம்பகமான வழி, மோட்டார் வைண்டிங் சோதிக்கிறவங்களும் இதைத்தான் பண்றாங்க. ஆனா இது சராசரி சூடு, காயிலோட நடுப்பகுதி இதைவிட 10, 15 டிகிரி கூட இருக்கும்னு வச்சுக்கறது நல்லது. ஆஃப் பண்ணின உடனே அளந்துடணும், நிதானமா போய் மீட்டர் எடுத்துட்டு வந்தா ஆறிப்போய் பொய் கணக்கு வரும். இன்னொண்ணு, கரண்ட் ஓடிட்டு இருக்கும்போது ஓம் மீட்டர வைக்காதீங்க, ஓடும்போது அளக்கணும்னா காயில் முனையில வோல்டேஜ், அப்புறம் கரண்ட், ரெண்டையும் எடுத்து வகுத்துக்கங்க.

காயில் முனையில வோல்டேஜ் எடுக்கச் சொல்றதுக்கு வேற காரணமும் இருக்கு. சப்ளை பக்கம் 12 வோல்ட் காட்டும், காயில் பக்கம் 10.5தான் இருக்கும், நடுவுல மெல்லிசான ஒயரோ தளர்ந்த கனெக்டரோ சாப்பிட்டுட்டு இருக்கும். ஒரு தடவ ஒரு சொலினாய்டை (இரும்புத் தண்டை இழுக்குற காயில்) ரெண்டு தரம் திரும்ப சுத்தி போட்ட பிறகும் சூடானா இழுக்க மாட்டேங்குதுன்னு என்கிட்ட வந்தாங்க, நான் அளந்து பாத்தப்போ காயில் சுத்தமா சரியா இருந்துச்சு, ஒரு கிரிம்ப் கனெக்டர்தான் (ஒயர நசுக்கி மாட்டுறது) கரண்ட் ஓட ஓட சூடேறி வோல்டேஜ தின்னுட்டு இருந்துச்சு. கையால தொட்டா காயிலைவிட அதுதான் சுட்டுச்சு.

அளந்த கரண்ட் கணக்குப்படிதான் குறைஞ்சிருக்குன்னா கோளாறுன்னு ஒண்ணும் இல்ல, டிசைன்தான் குளிர்ந்த நிலைக்கு போட்டிருக்காங்க. அதுக்கு பண்ண வேண்டியது: காத்தோட்டம் குடுங்க, இல்ல காயிலை ஒரு பெரிய உலோகத் தகட்டோட ஒட்டி வைங்க, தொடர்ந்து ஓட வேண்டியதில்லன்னா நடுநடுவுல ஆஃப் பண்ணுங்க. இழுத்து முடிச்சதும் கரண்ட பாதியா குறைக்கிற சர்க்யூட் போடறது எல்லாத்தையும்விட நல்ல வேலை, ஏன்னா பாதி கரண்ட்னா சூடு கால்வாசிதான், காந்தத்துக்கும் இழுபடுற இரும்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மூடின பிறகு பிடிச்சு வச்சிருக்க அந்த பாதியே போதும்.

"சுத்து எண்ணிக்கைய கூட்டினா பலம் கூடாதா"ன்னு கேப்பீங்க. இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அதே கம்பி, அதே வோல்டேஜ் வச்சுட்டு சுத்தை ரெண்டு மடங்கு ஆக்குனா ரெசிஸ்டன்சும் ரெண்டு மடங்கு ஆகும், கரண்ட் பாதியாகும், சுத்தும் கரண்டும் பெருக்கினா பழைய எண்ணே வரும். இழுவை கூடாது. ஆனா சூடு பாதியா குறையும், அதனால அரை மணி கழிச்சு இருக்கிற இழுவை முன்னைவிட நல்லா இருக்கும். இழுவையே கூடணும்னா கம்பியோட தடிமன கூட்டணும், ஆனா அப்போ கரண்டும் சூடும் ஏறும். ரெண்டையும் பேலன்ஸ் பண்ணிதான் போகணும், வேற குறுக்கு வழி இல்ல.

அறிகுறி: ஓடிட்டு இருந்தா பிடிச்சிருக்கு, ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணா இழுக்க மாட்டேங்குது, ஆறுன பிறகு இழுக்குது

ரிலே, சொலினாய்டு வால்வு, டோர் லாக் இதுல எல்லாம் பாக்கலாம். இழுக்குறதுக்கு ஆரம்பத்துல இடைவெளி பெருசா இருக்கிறதால நிறைய ஆம்பியர்-சுத்து வேணும், ஒருதரம் மூடிட்டா கொஞ்சம் போதும். அதனால சூடான காயில் பிடிச்சு வச்சிருக்கும், புதுசா இழுக்க மட்டும் திராணி இருக்காது. 12 வோல்ட் ரிலே ஒண்ணு 20 டிகிரில 9 வோல்ட்ல இழுக்கும்னு வச்சுக்கங்க, காயில் 100 டிகிரிக்கு போனா அதே கரண்டை ஓட்ட 11.8 வோல்ட் வேணும். உங்க சப்ளை 11.5 இருந்தா முடிஞ்சுது. பெட்டிக்குள்ள காத்து போகாம அடைச்சு வச்சிருக்கிற இடத்துல இது கண்டிப்பா வரும். பக்கத்துல சூடு விடுற பொருள் ஏதாவது இருக்கான்னு பாருங்க, ஸ்பிரிங் அழுத்தம் தேவைக்கு மேல இருக்கான்னு பாருங்க, வோல்டேஜ காயில் முனையிலயே அளங்க. டேட்டாஷீட்ல போட்டிருக்கிற இழுக்குற வோல்டேஜ் 20, 23 டிகிரி மாதிரி ரூம் சூட்டுக்குத்தான், அந்த எண்ணை சூடான பெட்டிக்கு அப்படியே நம்பக்கூடாது.

அறிகுறி: கரண்ட் மாறாத சப்ளைதான் போட்டிருக்கேன், ஒரு கட்டம் வரை பலம் அப்படியே இருக்கு, அப்புறம் சரிய ஆரம்பிக்குது

கரண்ட் மாறாத சப்ளை போட்டா சூட்டால பலம் குறையாதுன்னு சொல்றது சரிதான், ஆனா அந்த சப்ளைக்கு ஒரு வோல்டேஜ் எல்லை இருக்கும், அதை மறந்துடறாங்க. மேல சொன்ன 10 ஓம் காயிலுக்கு 1.2 ஆம்பியர் ஓட்ட குளிர்ந்தப்போ 12 வோல்ட் போதும், 95 டிகிரில 15.2 வோல்ட் வேணும். எல்லைய 13-ல வச்சிருந்தீங்கன்னா காயில் 46, 47 டிகிரி வந்ததுமே சப்ளை கரண்ட் மோடை விட்டு வோல்டேஜ் மோடுக்கு வந்துடும், பேனல்ல இருக்கிற அந்த சின்ன விளக்கு மாறும், பாத்திருக்க மாட்டீங்க. எல்லைய ஏத்தி வைங்க.

ஏத்தி வைக்கும்போது ஒரு ஆபத்தையும் சொல்லிடணும். வோல்டேஜ் மாறாத சப்ளைல சூடு ஏற ஏற கரண்ட் குறைஞ்சு, வாட்டும் குறைஞ்சு, தானா ஒரு இடத்துல நின்னுடும். கரண்ட் மாறாத சப்ளைல அது தலைகீழ், ரெசிஸ்டன்ஸ் ஏற ஏற வாட் ஏறும், வாட் ஏற ஏற இன்னும் சூடு ஏறும். காத்தோட்டம் இல்லாத காயில்னா இது நிக்காமலே ஏறிட்டு போய் எனாமல் வெந்துடும். அதனால இந்த வகை சப்ளைக்கு காயில் மேல ஒரு தெர்மல் கட்-ஆஃப் (சூடு ஏறினா கரண்ட நிறுத்துற பாகம்) கண்டிப்பா வைங்க, இதுல சிக்கனம் பாக்காதீங்க. எனாமல் கம்பிக்கும் இன்சுலேஷனுக்கும் கிளாஸ் இருக்கு, ஏ கிளாஸ் 105 டிகிரி, பி 130, எஃப் 155, ஹெச் 180. அந்த எண் காயிலோட ரொம்ப சூடான புள்ளிக்கு, வெளிய தொட்டு பாக்குற இடத்துக்கு இல்ல.

அறிகுறி: பலம் பழையபடியே இருக்கு, ஆனா முன்ன இல்லாத அளவுக்கு சூடாகுது

இதுல பலம் குறையலையேன்னு விட்டுடாதீங்க, பெரும்பாலும் உள்ள எனாமல் போய் சுத்துக்கு சுத்து ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கும். டிசில ஒரு வினோதம் என்னன்னா, பத்துல ஒரு பங்கு சுத்து ஷார்ட் ஆனா ரெசிஸ்டன்சும் பத்துல ஒரு பங்கு குறையும், கரண்ட் அதுக்கேத்த மாதிரி கூடும், மிச்ச சுத்தையும் கூடின கரண்டையும் பெருக்கினா ஆம்பியர்-சுத்து கிட்டத்தட்ட அதேதான். அதனால இழுவைய வச்சு கண்டுபிடிக்கவே முடியாது. வாட் மட்டும் கூடிடும், அந்த சூடு பக்கத்து எனாமலையும் தின்னும், அடுத்த சுத்து ஷார்ட் ஆகும், இப்படியே போகும். ஆறின பிறகு ரெசிஸ்டன்ஸ அளந்து பழைய எண்ணோட ஒப்பிடுங்க, அதே ரூம் டெம்பரேச்சர்ல 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா காயிலை மாத்திடுங்க. ஆரம்பத்துலயே எழுதி வைக்க சொன்னது இதுக்குத்தான்.

ஏசில ஷார்ட் ஆன சுத்து டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரிய ஷார்ட் பண்ண மாதிரி ஆயிடும், அது சில நிமிஷத்துலயே புகை விட்டு காட்டிக் குடுத்துடும்.

அறிகுறி: ஏசி கான்டாக்டர் (காயில் இழுத்து போடுற பெரிய ஸ்விட்ச்) இல்ல ஏசி சொலினாய்டு, உறுமுது, சூடாகுது, கருகுது

இங்க மேல சொன்ன செம்பு கதை ரொம்ப கம்மியாத்தான் பொருந்தும், ஏன்னா ஏசில கரண்ட பெரும்பாலும் கட்டுப்படுத்துறது இண்டக்டன்ஸ் (மாறுற கரண்ட காயில் எதிர்க்கிற குணம்), ரெசிஸ்டன்ஸ் இல்ல. பிளஞ்சர் (உள்ள இழுபடுற இரும்புத் தண்டு) முழுசா மூடினாத்தான் இண்டக்டன்ஸ் ஏறி கரண்ட் இறங்கும், மூடாம நின்னா பல மடங்கு கரண்ட் தொடர்ந்து ஓடும், காயில் அதைத் தாங்காது. அதனால ஏசி காயில் கருகிப்போச்சுன்னா காயிலை மட்டும் மாத்தாதீங்க, ஏன் மூடலன்னு பாருங்க. ஒட்டுற முகத்துல தூசியா, துருவா, எங்கயாவது உரசி மாட்டுதா, வோல்டேஜ் கம்மியா. உறுமல் மட்டும் இருந்தா முகத்துல பதிச்சிருக்கிற செம்பு வளையம் (ஷேடிங் ரிங்) வெடிச்சிருக்கான்னு பாருங்க, அது இல்லன்னா ஒவ்வொரு அரை சைக்கிளுக்கும் புடி விட்டு விட்டு பிடிக்கும்.

அறிகுறி: சூடான பிறகு இழுக்குது, ஆனா திரும்ப வரல

காந்தத்த விட்டுட்டு பாபினை (கம்பி சுத்தியிருக்கிற உருளை) பாருங்க. பிளாஸ்டிக் பாபின் சூட்டுல இளகி உள்பக்கம் சுருங்கி பிளஞ்சர நெரிச்சிருக்கும். பவர் இல்லாம கையால தள்ளி பாருங்க, வழுக்கிட்டு போகலன்னா அதான். ஆறினதும் சரியா போகுது, சூடானா மாட்டுதுன்னா இன்னும் உறுதி. கையால நல்லா வழுக்குது ஆனாலும் வரலன்னா மிச்ச காந்தம், நடுவுல போட்டிருந்த பித்தளை ஷிம் (மெல்லிசான தகடு) தேஞ்சிருக்கும்.

அறிகுறி: குளிர்ல ஆன் பண்ணும்போது சப்ளை ட்ரிப் ஆகுது, இல்ல டிரைவர் (காயிலுக்கு கரண்ட் குடுக்குற சர்க்யூட்) கட் பண்ணுது

சூட்டோட மறுபக்கம் இது. மைனஸ் 20 டிகிரில செம்போட ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரில இருக்கிறதைவிட 16 சதவீதம் கம்மி, கரண்ட் 19 சதவீதம் கூட ஓடும். டிரைவரோட லிமிட்ட ரூம் சூட்டுக்கு கணக்கு பண்ணி இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தா ட்ரிப் ஆகத்தான் செய்யும். ஆனா பேட்டரில ஓடுறதுன்னா உல்டாவா நடக்கும், குளிர்ல பேட்டரியோட உள் ரெசிஸ்டன்ஸ் ஏறி வோல்டேஜ் படுத்துடும், காயில் பலமா இழுக்க தயாரா இருந்தாலும் குடுக்க ஆள் இருக்காது. பிளஞ்சர்ல கிரீஸ் போட்டிருந்தா அதுவும் குளிர்ல கெட்டியாகும். அதனால குளிர்ல இழுக்கலன்னா காயிலை கடைசியா பாருங்க.

குளிர வச்சா பலம் கூடும்னு சொல்றதும் இதே காரணத்தாலதான், இரும்பால இல்ல. திரவ நைட்ரஜன்ல, 77 கெல்வின்ல, செம்போட ரெசிஸ்டன்ஸ் ரூம் சூட்டுல இருக்கிறதுல எட்டுல ஒரு பங்கு கிட்ட வந்துடும். எம்ஆர்ஐ ஸ்கேனர்ல இருக்கிற நையோபியம்-டைட்டானியம் காயில் 4.2 கெல்வின் திரவ ஹீலியத்துல ரெசிஸ்டன்ஸே இல்லாம ஓடுது, அங்க ஒரு இடத்துல சூடு தட்டினாலும் சூப்பர்கண்டக்டிங் தன்மை போய் மொத்த காந்தமும் இறங்கிடும், அதுக்கு குவென்ச்னு பேரு.

அறிகுறி: ஆணில கம்பி சுத்தி செஞ்ச ப்ராஜெக்ட், ஐஸ் தண்ணி, சுடுதண்ணி வச்சு பாத்தா ரிசல்ட் ஏறுக்குமாறா வருது

பசங்க இதுக்காக ரொம்ப மெனக்கெடறாங்க, கிளிப் எண்ணி எண்ணி பாத்துட்டு புத்தகத்துல சொன்ன மாதிரி வரலையேன்னு சோர்ந்து போறாங்க, அதனால இதை கொஞ்சம் விரிவா சொல்றேன். 0 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் நடுவுல செம்போட ரெசிஸ்டன்ஸ் மூணுல ஒரு பங்கு ஏறும், அது உண்மை. ஆனா 0.5 மி.மீ. கம்பி 2 மீட்டர்னா அதோட ரெசிஸ்டன்ஸ் 0.18 ஓம்கூட வராது, பென்டார்ச் செல்லோட உள் ரெசிஸ்டன்சே அந்த அளவுக்கு இருக்கும். அப்போ சூட்டால மாறுறது மொத்த சர்க்யூட்ல பாதிதான், அதுக்குள்ள அந்த பாவம் செல்லு பல ஆம்பியர் குடுத்து குடுத்து வடிஞ்சிட்டே இருக்கும். மூணாவது தடவ கிளிப் குறைஞ்சது சுடுதண்ணியால இல்ல, செல் இறங்குனதால.

சரி பண்ண: மெல்லிசான எனாமல் கம்பிய நிறைய நீளத்துக்கு சுத்துங்க, காயில் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்கு மேல வர்ற மாதிரி, அப்போ செல்லோட உள் ரெசிஸ்டன்ஸ் பெருசா தெரியாது. செல் தண்ணிக்கு வெளிய ரூம் சூட்டுலயே இருக்கணும், காயில் மட்டும் தண்ணில. ரெண்டு முனையும் சுரண்டின இடம் நனையக்கூடாது. அளவெடுக்கும்போது மட்டும் ஸ்விட்ச் போடுங்க. குளிர், சூடு, திரும்ப குளிர்னு மாத்தி மாத்தி பண்ணுங்க, கடைசி குளிர் அளவு முதல் குளிர் அளவோட ஒத்துப்போச்சுன்னா செல் இறங்கலன்னு நம்பலாம். ஆணில இன்னொரு சிக்கல் இருக்கு, ஆஃப் பண்ணின பிறகும் அதுல கொஞ்சம் காந்தம் தங்கும், அதனால ஒவ்வொரு தடவையும் ஆஃப் நிலைல எத்தனை கிளிப் ஒட்டுதுன்னு எழுதிக்கங்க. முடிஞ்சா கிளிப் எண்ணிக்கையோட கரண்டையும் சேர்த்து குறிச்சு வைங்க, கரண்ட் பக்கத்துலயே விடை இருக்கும்.

அறிகுறி: காந்தம் சூடில்ல, தூக்குற பொருள்தான் சூடு, அது நழுவுது

சூடான எஃகு துண்டு தூக்குற இடத்துல வரும். இங்க மட்டும்தான் இரும்பு பக்கமே குத்தம் இருக்கு. செக்கச்செவேல்னு இருக்கிற எஃகு 770 டிகிரி கிட்டயோ தாண்டியோ இருக்கும், அதை எந்த காந்தமும் தூக்காது, மேல கொஞ்சம் கருத்து ஆறின மாதிரி தெரிஞ்சாலும் உள்ள சூடாவே இருக்கும், அதை நம்பி தூக்கறது உயிருக்கு ஆபத்து. 770 வர்றதுக்கு முன்னாடியே சாச்சுரேஷன் சரிய ஆரம்பிச்சிடும், அதோட கீழ இருந்து ஏறுற சூடு காயிலையும் வாட்டி கரண்டயும் குறைக்கும், ரெண்டு அடியும் ஒண்ணா விழும். அந்த காந்தத்துக்கு போட்டிருக்கிற சூடான சுமை அளவு தனியா இருக்கும், குளிர்ந்த சுமைக்கான எண்ண வச்சு தூக்கவே கூடாது.

அறிகுறி: கரண்ட் சரி, வோல்டேஜ் சரி, ரெசிஸ்டன்ஸ் கணக்கும் சரி, இருந்தும் சூடானா புடி போகுது

இடைவெளிய பாருங்க. சூட்டுல தகடு வளையும், பிடிக்கிற முகம் ஒரு ஓரமா தூக்கும், குளிர்ந்ததும் பழையபடி உக்காந்துடும், அதனால ஆறின பிறகு பாத்தா ஒண்ணும் தெரியாது. 200 மி.மீ. இரும்புப் பாதை, ஒப்பு ஊடுருவுதிறன் (காத்தைவிட எத்தனை மடங்கு சுலபமா காந்தப்புலத்த விடும்ங்கிற எண்) 2000னா அந்த மொத்த இரும்பும் காத்துல வெறும் 0.1 மி.மீ. இடைவெளிக்கு சமம். ரெண்டு முகத்துலயும் ஒரு தாள் கனம் 0.1 மி.மீ. இடைவெளி விழுந்தா பாதை மூணு மடங்கு கடினமாயிடும், இரும்பு சாச்சுரேட் ஆகாத நிலைல விசை ஒன்பதுல ஒரு பங்குக்கு இறங்கிடும். 70 டிகிரி சூடு எடுக்குற பலத்தைவிட ஒரு தாள் இடைவெளி எடுக்குறது அதிகம். அதனால சூடா இருக்கும்போதே ஃபீலர் கேஜ (இடைவெளி அளக்குற மெல்லிசான தகடு) விட்டு நாலு மூலையிலயும் பாருங்க, கையுறை போட்டுக்கங்க, ஒரு மூலைல மட்டும் உள்ள போச்சுன்னா போல்ட்டை இறுக்கி பிடிச்சு வச்சிருக்கிற விதத்த மாத்துங்க, தகடு விரியறதுக்கு ஒரு பக்கம் இடம் விட்டு திரும்ப சூடாக்கி அளங்க.